குற்றாலம் போகிறவருக்கு: தண்ணீர் விசாரிப்பது முதல் தலை துவட்டுவது வரை

திருநெல்வேலிக்காரர் வாயில் 'நீர்வீழ்ச்சி' என்ற சொல் லேசில் வராது. எங்களுக்கு அது அருவி. ஜூன் பிறந்துவிட்டால் டவுன் ரத வீதியில் இரண்டு பேர் சந்தித்தாலும் நலம் விசாரிப்பதற்கு முன்பு "குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். வெளியூர் நண்பர்களோ என்னிடம் தேதி சொல்கிறார்கள். "ஜூலை இரண்டாவது சனிக்கிழமைக்கு ரூம் போட்டுவிட்டோம், வரலாம் அல்லவா?" ரூம் போட்ட பிறகு கேட்டால் நான் என்ன சொல்ல? மலைமேல் மழை பெய்தால் வரலாம்.

பெரியப்பாவின் தோளில் உட்கார்ந்து பேரருவியைப் பார்த்த வயதிலிருந்து அங்கே போய்வருகிறேன். ஏமாந்து திரும்பியதும் உண்டு, மூக்குக்கண்ணாடியை அருவிக்குக் கொடுத்துவிட்டு வந்ததும் உண்டு. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். ஒரு இரவும் இரண்டு பகலும் தங்கப்போகிறவரை மனத்தில் வைத்திருக்கிறேன்.

1. முதலில், அது என்ன தண்ணீர்?

குற்றாலத்தை மலைவாசஸ்தலம் என்று சொல்வது பாதிதான் உண்மை. ஊர் மலையின் மேல் இல்லை, காலடியில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் உயரம்தான். ஊட்டி, கொடைக்கானல் குளிரை எதிர்பார்த்து ஸ்வெட்டர் கொண்டுவந்தால் பெட்டியில் தூங்கும். இங்கே கிடைப்பது வேறு வகைக் குளிர்ச்சி. மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையாளக் கரையின் ஈரக்காற்று நுழைந்து வருகிறது. தென்மேற்குப் பருவ மழையின் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். மிச்சம் இந்தப் பக்கம் பூந்தூறலாகச் சிதறும். அதற்குத்தான் சாரல் என்று பெயர். சாரலில் நனைந்தவன் குடை விரிக்க மாட்டான். சட்டை ஈரமாவதற்குள் காற்று உலர்த்திவிடும், உலர்வதற்குள் மறுபடி நனைத்துவிடும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. பூமிக்குள் நெடுநாள் கிடந்து, பாறையின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு ஊற்றாக மேலே வரும் கனிம நீருக்குப் பேர்போன ஊர்கள் உலகில் பல இருக்கின்றன. குற்றாலம் அந்த வகை அல்ல. இங்கே விழுவது திரிகூட மலையில் பெய்த மழை. காட்டு மண்ணில் ஊறி, கெட்டிப் பாறை மேல் ஓடி, சில மணி நேரத்தில் உங்கள் தலையில் விழுகிறது. அதனால் உப்புச் சுவை கிடையாது, குளித்து முடித்தால் தலைமுடி பட்டுப்போல் இருக்கும். மூலிகைக் காட்டைத் தொட்டு வருகிற தண்ணீர், நோய் தீர்க்கும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் நம்பினார்கள். நோய் தீருமா என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகில் பத்து நிமிடம் அருவி அடித்தபின் வரும் பசியையும் தூக்கத்தையும் பற்றி மட்டும் நான் சாட்சி சொல்ல முடியும்.

இந்தத் தண்ணீரின் பெயர் சிற்றாறு. மேலே தேனருவி, அதற்குக் கீழே செண்பகாதேவி அருவி, கடைசியில் பேரருவி என்று படிப்படியாக இறங்கித் தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஆக, குற்றாலத்தில் குளித்த நீரை நெல்லைச் சீமைக்காரர்கள் வயலிலும் பார்க்கிறோம்.

2. நாள் பார்க்காதீர்கள், தண்ணீர் பாருங்கள்

சீசன் என்பது பொதுவாக ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை, சில வருடங்களில் செப்டம்பர் வரை. கேரளத்தில் பருவமழை ஜூன் 1 வாக்கில் தொடங்கும் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் மழை கணக்குப் பார்த்துப் பெய்வதில்லை. ஒரு வருடம் ஜூன் முதல் வாரத்தில், 'சீசன் தொடங்கியது' என்று யாரோ சொன்ன பேச்சை நம்பிக் குடும்பத்தோடு போய் இறங்கினேன். பேரருவிப் பாறையில் நூல் நூலாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் நூறு பேர் வரிசையில் நின்று கைக்குட்டையை நனைப்பதுபோல் தலையை நனைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அறைக்கு வந்து வாளியில் குளித்தோம்.

அதன்பின் இப்படித்தான் விசாரிக்கிறேன். முதலில், செங்கோட்டை அருகே உள்ள குண்டாறு அணை நிரம்பிவிட்டதா என்று செய்தித்தாளில் பார்ப்பேன். சிறிய அணை அது, 36 அடிதான். பருவமழை சரியாக இறங்கினால் வட்டாரத்தில் முந்தி நிரம்புவது பெரும்பாலும் அதுதான். அது வழிந்தால் மலை நன்றாக நனைந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, தென்காசியிலோ செங்கோட்டையிலோ தெரிந்தவர் இருந்தால் ஒரு போன். கேட்க வேண்டியது "மழை பெய்கிறதா?" என்று அல்ல. "மலை தெரிகிறதா?" என்று கேளுங்கள். மூன்று நாளாக மேகம் மூடி மலையே தெரியவில்லை என்று பதில் வந்தால் பையைக் கட்டலாம்.

கிழமையும் முக்கியம். சனி, ஞாயிறு மட்டும்தான் முடியும் என்றால் போங்கள், ஆனால் அருவியோடு சேர்த்து மனிதர்களிலும் குளிக்க வேண்டியிருக்கும். செவ்வாய், புதன் உத்தமம். ஆடி அமாவாசையன்று தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களின் கூட்டம் நெரியும். அரசு நடத்தும் சாரல் விழா நாட்களிலும் அப்படியே. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்கள் வந்து குளிப்பார்கள், ஊர் முழுக்கக் கறுப்பு வேட்டியாக இருக்கும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போதும் தண்ணீர் உண்டு, ஆனால் சாரல் கிடையாது. மழை வந்தால் பெருமழை, அருவி விழுந்தால் வெள்ளம். சாரலோடு குளிக்க வேண்டுமானால் ஆனி, ஆடிதான்.

3. போய்ச் சேருதல்

திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்திலிருந்து தென்காசிக்குப் பஸ் வந்துகொண்டே இருக்கும். ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழி, ஐம்பத்தைந்து கிலோமீட்டர் அளவு. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர், டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு.

அவசரம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது ரயில். திருநெல்வேலியில் செங்கோட்டை ரயிலில் ஏறி, இடது பக்கம் ஜன்னலோரம் பிடியுங்கள். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கடையம் என்று வயலும் வாழையுமாகப் போகும்போது பொதிகை மலை உங்கள் கூடவே வரும். கடையம் தாண்டியதும் காற்றின் வாசனை மாறுவதைக் கவனியுங்கள். அங்கே ஜன்னல் கம்பியில் ஈரம் கட்டினால் பயணம் வீண்போகாது. சென்னைக்காரர்களுக்குப் பொதிகை விரைவு ரயில் இருக்கிறது. இரவு ஏறினால் காலையில் தென்காசி.

மாவட்டக் கணக்கில் குற்றாலம் இப்போது திருநெல்வேலியில் இல்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. மனக்கணக்கில் நாங்கள் இன்னும் பிரித்துக்கொடுக்கவில்லை.

4. தங்குமிடமும் பையும்

பேரருவிக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். மற்ற வசதிகள் எல்லாம் பிறகு. குற்றாலத்தில் ஒரு நாளைக்கு மூன்று முறை குளிப்பீர்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டோ பேசிக்கொண்டிருந்தால் அந்தக் கோபமே சூட்டைக் கிளப்பிவிடும். அறையைக் காட்டச் சொல்லி, ஜன்னலைத் திறந்து பார்த்து, பிறகு முன்பணம் கொடுங்கள். ஒரு விடுதியில் 'அருவி தெரியும் அறை' என்று கூடுதலாக வாங்கினார்கள். தெரிந்தது, சுவரில் மாட்டிய அருவிப் படம்.

எடுத்துப்போக வேண்டியவை குறைவு. பருத்தித் துணி மாற்று இரண்டு கூடுதலாக. அங்கே எதுவும் உலராது, இரண்டாம் நாள் ஈரத்துணியையே போட்டுக்கொள்ள நேரும். ஆண்களுக்குக் கட்டம்போட்ட காசித்துண்டு ஒன்று போதும். கனமான பூத்துண்டு கொண்டுவருகிறவர்கள் ஊருக்குத் திரும்பும்போது ஐந்து கிலோ தண்ணீரைச் சுமப்பார்கள். பெண்கள் சுடிதாரில் குளிப்பது வசதி. சேலை அருவி வேகத்தில் காலைச் சுற்றிக்கொள்ளும், என் அத்தை ஒருமுறை அப்படித்தான் விழுந்தாள். நகை வேண்டாம். மோதிரம்கூட வேண்டாம், குளிரில் விரல் சுருங்கும், அருவி உருவிக்கொண்டு போய்விடும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கரையில் நிற்பவரிடம் கொடுங்கள். 'கையால் பிடித்துக்கொள்கிறேன்' என்று உள்ளே போன என் கண்ணாடி இந்நேரம் சீவலப்பேரி தாண்டியிருக்கும்.

செருப்பு விலை உயர்ந்ததாக இருக்க வேண்டாம். காரணம் கேட்காதீர்கள்.

5. எந்த அருவி, எந்த நேரம்?

பேரருவி ஊரின் நடுவில், கோயிலுக்குப் பக்கத்தில். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து வருகிறது, ஆனால் நேரே தலையில் விழுவதில்லை. வழியில் பாறையில் ஒரு பெரிய குழி இருக்கிறது. தண்ணீர் அதில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து, பிறகுதான் விரிந்து கீழே இறங்குகிறது. அந்தக் குழிக்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். அது மட்டும் இல்லையென்றால் பேரருவியில் மனிதர் நிற்க முடியாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். தண்ணீர் குறைந்த நாளில் பாறையில் செதுக்கிய சிவலிங்கங்கள் தெரியும்.

ஐந்தருவி அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர். ஒரே தண்ணீர் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுவதால் தனித்தனி அருவிபோல் இருக்கும். கூட்டம் பிரிந்து நிற்கும், குழந்தைகளோடு வருகிறவர்களுக்குத் தோது. போகிற வழியும் அழகு. ரசிகமணி டி.கே.சி. குடியிருந்து இலக்கிய நண்பர்களைக் கூட்டிவைத்த ஊர் இது என்பதை அந்த மரநிழல் சாலையில் நடக்கும்போதுதான் நம்ப முடியும்.

பழைய குற்றாலம் ஆயிரப்பேரிப் பக்கம், சற்றுத் தள்ளி. விரிந்த பாறை, சுற்றிலும் காடு. ஒரு காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். 2024 மே 17 அன்று திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனை அங்கே அடித்துச் சென்றது. அந்தப் பாறையைப் பழைய கண்ணால் பார்க்க எனக்கு இன்னும் முடியவில்லை. அங்கே எத்தனை மணிவரை குளிக்க விடுகிறார்கள் என்று புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

புலியருவி சிறியது, பெரிய அருவியைக் கண்டு அழும் குழந்தைகளுக்குச் சரி. சிற்றருவி பேரருவிக்குச் சற்று மேலே, ஒடுக்கமானது. செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் காட்டுக்குள் ஏற வேண்டும், வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 'குறுக்கு வழி தெரியும், கூட்டிப்போகிறேன்' என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டுவிடுங்கள். ஆபத்தும் அபராதமும் உங்களுக்கு, காசு அவருக்கு.

நேரம் என்றால் இரண்டுதான். ஒன்று, விடிவதற்கு முந்திய நாலரை, ஐந்து மணி. விளக்கொளியில் அருவி வெள்ளைத் துணிபோல் தொங்கும், வரிசை குறைவு, தண்ணீர் மட்டும் கடுங்குளிர். இன்னொன்று இரவு பத்துக்குமேல், குளிக்க அனுமதி இருக்கும் நாட்களில். பகல் பதினொரு மணிக்குப் போய் 'கூட்டம்' என்று குறை சொல்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

6. எண்ணெய்

அருவிப் பக்கம் நடந்தால் கையில் எண்ணெய்ப் பாட்டிலோடு மசாஜ் செய்கிறவர்கள் கூப்பிடுவார்கள். தேய்த்துக்கொள்வது நல்ல அனுபவம்தான், ஆனால் மூன்று விஷயம். முதலில் கூலி பேசுங்கள், எண்ணெய் விலை சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேளுங்கள். முடிந்தால் எண்ணெயை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கழுத்தைச் சொடுக்கு எடுக்க விடாதீர்கள்.

ஒருமுறை என்னைத் தேய்த்த பெரியவர் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, என் உச்சந்தலையில் வைத்து அழுத்தி, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. நான் கண்ணைத் திறந்து, "என்ன அண்ணாச்சி?" என்றேன். "சூடு இறங்குகிறது தம்பி, அவசரப்படாதீர்கள்" என்றார். பிறகு முதுகில் அவர் தட்டிய சத்தம், ஈர மாவைப் பலகையில் அடிப்பதுபோல், அடுத்த வரிசைவரை கேட்டிருக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கோடு நேரே அருவிக்குள் போகக் கூடாது. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எல்லாவற்றுக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டிருக்கிறது. எங்கள் பெரியப்பா தலைமுறைக்கு இது பெரிய வருத்தம். அரப்பு தேய்க்காமல் என்ன குளியல் என்பார்கள். ஆனால் சோப்பு நுரை கெட்டித்துப்போய் மிதந்த நாட்களையும், ஷாம்பு உறை மிதித்து வழுக்கி விழுந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தடை நியாயம்தான். தேய்த்து அரை மணி ஊறி, அறையில் சீயக்காய் போட்டு எண்ணெய் போகக் குளித்துவிட்டு, அதன்பின் அருவிக்கு வாருங்கள். இரண்டு குளியல் என்று சலிக்க வேண்டாம், அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள்.

7. அருவியில் நிற்கும் முறை

"முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில்தான் தலை" என்பார் பெரியப்பா. கரையில் ஓடும் தண்ணீரில் ஒரு நிமிடம் காலை நனைத்து நில்லுங்கள். அடுத்து அருவியின் ஓரத்துக்குப் போய், தண்ணீருக்கு முதுகைக் காட்டி, தோளில் வாங்குங்கள். முதல் அடியில் மூச்சு நின்றுவிடும்போல் இருக்கும். வாயைத் திறந்து மூச்சு விடுங்கள், பத்து எண்ணுவதற்குள் பழகிவிடும். அதன்பின் கைகளைக் கோத்துத் தலைமேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு நகருங்கள். நேராக அண்ணாந்து பார்க்காதீர்கள். மேலிருந்து சிறு கல், குச்சி வருவதுண்டு. காதில் தண்ணீர் அடித்தால் வலி நாலு நாள் இருக்கும், குழந்தைகளுக்குக் காதில் பஞ்சு வைத்துவிடுங்கள்.

பேரருவியில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. பிடித்து நிற்பது கோழைத்தனம் இல்லை. பாறை பாசி பிடித்து வழுக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்துங்கள். நீங்கள் நன்றாக நிற்கிறீர்கள் என்பதற்காக இருபது நிமிடம் அங்கேயே நிற்காதீர்கள். பின்னால் ஒரு ஊரே காத்திருக்கிறது. ஐந்து நிமிடம், வெளியே வந்து நடுங்கல், மறுபடி வரிசை. இப்படி மூன்று சுற்று போனால்தான் குளித்தமாதிரி.

இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் நடு அருவிக்குப் போக வேண்டாம். குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு நான் எழுதவில்லை.

8. தண்ணீரின் முகம் பார்க்கத் தெரிய வேண்டும்

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலை உச்சியில் மழை கொட்டலாம். அந்தத் தண்ணீர் உங்களிடம் வருவதற்குச் சிறிது நேரம் ஆகும், வரும்போது சொல்லிக்கொண்டு வராது. ஆனால் முகம் மாறும். தெளிந்த வெள்ளை மங்கிக் காப்பி நிறமாகும். சருகும் சுள்ளியும் வர ஆரம்பிக்கும். ஓசை கனத்து, பக்கத்தில் நிற்பவர் பேச்சுக் கேட்காது. மண்வாசனை அடிக்கும். இந்த நான்கில் ஒன்றைக் கண்டாலும் துண்டைத் தேடாமல், செருப்பைத் தேடாமல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு மேலே ஏறுங்கள்.

பேரருவியில் கல்லால் கட்டிய பாதுகாப்பு வளைவு ஒன்று இருக்கிறது. நாங்கள் ஆர்ச் என்போம். தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் போலீஸார் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிக் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். இருநூறு மைல் தாண்டி வந்தோமே என்று அவர்களோடு மல்லுக்கு நிற்பவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். தடை பெரும்பாலும் தண்ணீர் தணிந்ததும் நீங்கிவிடும். அதுவரை எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு அருவியைப் பாருங்கள். குளிக்க முடியாத பேரருவிதான் பார்க்க அழகு, இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

9. கோயிலும் சித்திர சபையும்

குளித்த ஈரம் காய்வதற்குள் குற்றாலநாதர் கோயிலுக்குப் போய்விடலாம். சங்கு வடிவில் அமைந்த கோயில் இது. அம்மன் குழல்வாய்மொழி, தலமரம் குறும்பலா. சம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகமும் இந்தக் குறும்பலாவுக்குத் தனியாக ஒரு பதிகமும் பாடியிருக்கிறார். திருமாலாக நின்ற மூர்த்தியை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார் என்பது தலபுராணம். அப்படி அழுத்தியதில் சுவாமிக்குத் தலைவலி என்று மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள், அருவிக் குளிருக்குக் கஷாயம் படைக்கிறார்கள். எண்ணெய்த் தேய்ப்பும் சுக்குக் கஷாயமும் குற்றாலத்தில் சுவாமியிடமிருந்தே தொடங்குகின்றன.

சித்திர சபை தனிக் கட்டடம், கோயிலிலிருந்து சிறிது தூரம். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம், இங்கே சித்திரம். கூத்தனே இங்கு ஓவியமாகத்தான் இருக்கிறான். உள்ளே கண் இருட்டுக்குப் பழகும்வரை நின்று, பிறகு சுவரைப் பாருங்கள். அருவிக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. இந்த நிசப்தத்துக்காகவே நான் போகிறேன்.

10. பசி

சாரலும் அருவியும் சேர்ந்தால் வயிறு கேள்வி கேட்கும். பேரருவிப் பக்கம் சூடான மிளகாய் பஜ்ஜியும் சுக்குக் காப்பியும் முதல் தவணை. இரவுக்கு பிரானூர் பார்டர் போங்கள். செங்கோட்டைக்கு முன்னால் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் சேர்ந்திருந்தது. எல்லை போய்விட்டது, பார்டர் என்ற பெயர் மட்டும் பரோட்டாவில் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை அளவுப் பரோட்டா, பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி, கூட நாட்டுக்கோழியோ காடையோ. எத்தனை என்று எண்ணிச் சாப்பிட வேண்டாம், பில் போடுகிறவர் எண்ணிக்கொள்வார். சைவம் என்றால் தென்காசியில் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது. சீசன் நேரத்துச் சாம்பார் எல்லா இடத்திலும் அருவித் தண்ணீராகத்தான் இருக்கும்.

பழக்கடைகளை விட்டுவிடாதீர்கள். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், பன்னீர்க் கொய்யா எல்லாம் இந்த மாதங்களில் குவிந்திருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்த மலையில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்ட காலத்திலிருந்தே வெளிநாட்டுச் செடிகளுக்கு இந்த மண் இடம் கொடுத்து வந்திருக்கிறது. மங்குஸ்தான் வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கள், சின்னப் பூப்போல இதழ்கள் இருக்கும். எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. ஏழெட்டு இதழ் உள்ளதை எடுத்தால் சுளைகள் சிறியவையாக, கொட்டை பெரும்பாலும் இல்லாமல் இருக்கும். விரலால் லேசாக அழுத்தினால் தோல் கொடுக்க வேண்டும். கல்லாக இருந்தால் வேண்டாம், உள்ளே கெட்டிருக்கும்.

மலைத்தேன் என்று பாட்டிலில் விற்பதைத் தெரிந்தவர் துணையில்லாமல் வாங்காதீர்கள். நான் வாங்கிய பாட்டிலில் ஒரு வாரத்தில் அடியில் சர்க்கரை உட்கார்ந்தது. தேன் உறைவதும் உண்டுதான், ஆனால் இது பாகு என்று எறும்பே சொல்லிவிட்டது.

11. தண்ணீர் ஏமாற்றினால்

ஒரு பகலை இப்படிக் கழிக்கலாம். தென்காசி காசி விசுவநாதர் கோயில், பராக்கிரம பாண்டியன் கட்டியது. கோபுரம் நெடுங்காலம் சிதைந்து கிடந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. வாசலில் நுழையும்போது எதிரே காற்று தள்ளும், நின்று அனுபவியுங்கள். வழியில் இலஞ்சியில் குமாரர் கோயில். பண்பொழியில் திருமலை முருகன், மேலே நின்றால் வயலும் குளமுமாகச் செங்கோட்டைச் சீமை முழுதும் தெரியும். ஆடி வாக்கில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருந்தால் பார்க்கலாம். வயலுக்குள் இறங்கிச் செடியை மிதிக்காமல் பாருங்கள், அது ஒருவருடைய சாப்பாடு. மலை தாண்ட விருப்பமென்றால் ஆரியங்காவில் பாலருவி இருக்கிறது, கேரள வனத்துறை கட்டணம் வாங்கிக்கொண்டு அழைத்துப்போகும். இங்கே தண்ணீர் நூலாகும் நாளிலும் அங்கே கொஞ்சம் விழுவதைக் கண்டிருக்கிறேன்.

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாலித்தீன் பை என்றால் அதற்குள் தின்பண்டம் என்பது அவற்றின் முடிவு. ஒருமுறை என் ஈர வேட்டியை மரத்துக்கு மேல் கொண்டுபோய், உதறிப் பார்த்து, ஏமாந்து, அங்கேயே போட்டுவிட்டது. துணிப்பையில் கொண்டுபோங்கள்.

12. திரும்பும் நாள்

காலையில் கடைசிக் குளியல் போட்டுவிட்டு அறைக்கு வந்து மறுபடி குழாயில் தலை நனைக்காதீர்கள். அந்த மென்மை போய்விடும். தலையை அழுத்தித் துவட்டி, ஈரத்துணிகளை நன்றாகப் பிழிந்து, பழத்துக்குத் தனிப்பை, துணிக்குத் தனிப்பை. பஸ்ஸில் ஏறியதும் காசித்துண்டை ஜன்னல் கம்பியில் கட்டிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், எல்லா ஜன்னலிலும் ஒன்று பறந்துகொண்டிருக்கும். பாவூர்சத்திரம் தாண்டும்போது சாரல் நிற்கும். ஆலங்குளத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். துண்டு அங்கே காய்ந்துவிடும், அவிழ்த்து மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.